பெற்றோர் எழுதிக்கொடுத்த பத்திரமும் பிள்ளையின் நலனும்

நம் சங்கத்துக் குடும்பத்தார் பலர் தம் மக்களைக் கல்வியின் பொருட்டு உறவினர் இல்லத்திலோ மாணவர் விடுதியிலோ விட்டுவைத்தல் நெடுநாளாக நிகழ்ந்துவரும் வழக்கமாகும். அங்ஙனம் விடுங்கால் ஒரு கடிதமோ பத்திரமோ எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுப்பாரும் உளர். அக்கையொப்பத்தால் பெற்றோர்க்குப் பிள்ளைமீதுள்ள உரிமை அற்றுப்போமோ? பிள்ளையின் நலங்குறித்து ஐயம் எழுந்து, நீதிமன்றத்தாரோ அரசினரோ விசாரணை செய்யப் புகுமிடத்துத் தாய்தந்தையர்க்கு எஞ்சி நிற்கும் உரிமை யாது? இவற்றுக்கு விடை காண விழைவார், சென்னை அடையாற்றிற் பிறந்து இலண்டன் வரை சென்ற ஒரு வழக்கின் வரலாற்றை அறிதல் நன்று.

ஜி. நாராயணையா என்பார் ஓய்வுபெற்ற தாசில்தார், மனைவியை இழந்தவர். 1909ஆம் ஆண்டில் தம் மக்களோடு அடையாற்றுக்கு வந்து, ஆங்குள்ள பிரமஞான சபையின் பணியை மேற்கொண்டார். அவர் புதல்வருள் ஒருவராகிய கிருஷ்ணமூர்த்தி பிற்காலத்தே உலகாசிரியராக விளங்குவார் எனச் சபையார் சிலர் நம்பினர். சபைத் தலைவியாராகிய அன்னி பெசன்ட் அம்மையார், அவரையும் அவர் தம்பி நித்தியானந்தரையும் தாமே வளர்த்துக் கல்வி பயிற்ற விரும்பினார். 1910 மார்ச்சு மாதத்தில் தந்தையார், அம்மையாரை இருவர்க்கும் பாதுகாவலராக நியமித்துப் பத்திரம் எழுதிக்கொடுத்தார். தாயில்லாப் பிள்ளைகட்கு இத்தகைய ஆதரவு தானே வந்து வாய்க்குமாயின் எந்தத் தந்தைதான் மறுப்பான்?

ஆயினும் அவர் மனம் நெடுநாள் அமைதியுற்றிலது. சபையினர் ஒருவரோடு பிள்ளைகள் பழகுதல் தகாதென்னும் அச்சம் அவர்க்கு உண்டாயிற்று. 1912இல் அம்மையார் பிள்ளைகளை இங்கிலாந்திற்கு அழைத்துச் சென்றார். தந்தையார் அவர்களை மீட்டுத் தருமாறு செங்கற்பட்டு ஜில்லாக் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தார். அது பின்னர்ச் சென்னை ஹைக்கோர்ட்டுக்கு மாற்றப்பட்டது. தந்தையார் பக்கல் வக்கீலாக நின்றவர் சி. பி. இராமசாமி ஐயர். அம்மையாரோ தமக்காகத் தாமே வாதாடினார். எதிரெதிர் நின்ற இவ்விருவரும் சில ஆண்டுகளுள் ஹோம்ரூல் இயக்கத்தில் ஒருங்கு நின்றமை உலகியலின் விந்தைகளுள் ஒன்று.

1913 ஏப்ரலில் நீதிபதி பேக்வெல், தந்தையார் கூறிய ஒழுக்கக் குற்றங்கள் மெய்ப்பிக்கப்படவில்லை என்று கண்டும், பிள்ளைகளைத் தந்தையாரிடமே ஒப்புவிக்குமாறு தீர்ப்பளித்தார். அவ்வாண்டே மேல்முறையீட்டிலும் அம்மையார் தோற்றார். 1914இல் பிரிவி கவுன்சிலில் அவரே வென்றார்.

இவ்வளவில் நிறுத்துவார், தந்தைக்கு உரிமை இல்லையென்று தீர்ப்பாயிற்றுப் போலும் எனக் கருதுவர். அஃது அன்று. தந்தையின் பாதுகாவல் என்பது புனிதமானதொரு பொறுப்பு. அதனைத் தான் உயிரோடிருக்கும்போதே பிறர்க்கு முற்றிலும் மாற்றிக் கொடுத்துவிட அவனால் இயலாது. இந்து தர்மமும் ஆங்கிலச் சட்டமும் இதில் ஒன்றே எனக் கவுன்சிலார் மொழிந்தனர். வளர்ப்பையும் கல்வியையும் பிறரிடம் ஒப்புவிக்கலாம்; ஒப்புவித்ததைத் திரும்பப் பெறவும் செய்யலாம். எனவே 1910ஆம் ஆண்டுப் பத்திரம் தந்தையைக் கட்டுப்படுத்தும் விலங்கு அன்று.

அங்ஙனமாயின் தந்தையார் தோற்றது எற்றுக்கு? பிள்ளைகள் அப்போது இங்கிலாந்தில் இருந்தனர்; செங்கற்பட்டு ஜில்லாவில் வசிப்பவராக அவர்களைக் கொள்ளுதற்கு இடமில்லை. அன்றியும், பிள்ளைகளின் வாழ்வையே மாற்றும் ஆணையைப் பிறப்பிக்குமுன் அவர்கள் கருத்தைக் கேட்டார் ஒருவருமிலர். அவர்கள் பொருட்டு வழக்கில் நின்றாரும் இலர். இவையேயன்றி மற்றொன்றும் கவுன்சிலார் கூறினர். ஒப்புவிக்கப்பட்ட பிள்ளை புதிய இடத்திற் பற்றும் நம்பிக்கையும் கொண்டு வளர்ந்துவிடின், அவற்றைக் குலைத்தல் பிள்ளைக்குத் தீதாகுமா என்பதை நீதிமன்றம் ஆராய்தல் வேண்டும் என்பதே அது. என் கருத்தில், இத்தீர்ப்பின் உயிர்நிலை ஈண்டுள்ளது. கொடுத்ததை மீட்கும் உரிமை பெற்றோர்க்கு உண்டு. அது பிள்ளையின் நலம் என்னும் வாயில் வழியாகவே செல்லற்பாலது.

நிற்க. பிள்ளையை இழக்கும் துயரத்தை அம்மையார் அறியாதவர் அல்லர். கணவரைப் பிரிந்தபோது 1873இல் ஏற்பட்ட பத்திரத்தின்படி மகள் மேபெல் அவரிடமே வளர்ந்தாள். 1878இல், தாய் நாத்திகக் கொள்கையர் என்பதும், மகப்பேற்றைக் கட்டுப்படுத்துதல் பற்றிய நூலொன்றை வெளியிட்டார் என்பதும் காரணமாக, அச்சிறுமியை நீதிமன்றம் பிரித்துத் தந்தையிடம் அளித்தது. மகள் வயதுவந்தபின் தாயிடமே திரும்பினாள்.

நம் நாட்டில் 1890ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டமே, பகுத்தறியும் பருவமெய்திய பிள்ளையின் விருப்பத்தையும் நீதிமன்றம் கருதலாம் என்று விதித்தது. 1956ஆம் ஆண்டு இந்து மைனர் பாதுகாவல் சட்டம் பிள்ளையின் நலனே தலையாயது என்றது. தந்தைக்குப் பின்னரே தாய் என்றிருந்த அதன் வாசகத்துக்கு, தந்தை பொறுப்பேலாவிடத்து அவர் உயிரோடிருக்கும்போதும் தாயே பாதுகாவலர் எனச் சுப்ரீம் கோர்ட்டு 1999இல் பொருள் விரித்தது. தாய்மார் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

அரசினர் விசாரணைக்கு வருவோம். ஆதரவற்ற சிறார்க்கெனத் தனிச்சட்டம் இயற்றியதில் இந்தியாவில் முற்பட்டது சென்னை மாகாணமே. அது 1920ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டம். இன்று நிலவும் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி, பாதுகாப்பு வேண்டுமெனக் கருதப்படும் பிள்ளையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தல் வேண்டும். குடும்பத்தின் நிலையை விசாரித்து 15 நாட்களுள் அறிக்கை பெறப்படும். நான்கு மாதங்களுள் இறுதியாணை பிறத்தல் வேண்டும். பிள்ளையை இல்லத்தில் அடைத்து வைத்தல் கடைசி வழியே. பெற்றோரிடம் மீட்டுச் சேர்த்தலே முதல் நோக்கம். ஆணையால் குறையுற்றவர் 30 நாட்களுள் மேல்முறையீடு செய்யலாம். இந்நாட்களை வீணே கழியவிடுவார் பலர்.

அடையாற்றுப் பத்திரத்தின் எதிரொலியை இச்சட்டத்திலும் கேட்கலாம். தம்மால் வளர்க்க இயலாத பிள்ளையை ஒப்படைக்க விரும்பும் பெற்றோர், குழுவின் முன்னிலையிலேதான் பத்திரம் எழுதுதல் கூடும். எழுதிய பின்னும் மறுபரிசீலனைக்கென அவர்கட்கு இரண்டு மாதங்கள் உண்டு; அக்காலத்துள் மனம் மாறின் பிள்ளையை மீளப் பெறலாம். அது கழிந்தபின் பிள்ளையைத் தத்துக்கு உரியதாகக் குழு அறிவிக்கும். உறவினரிடமோ விடுதித் தலைவரிடமோ எழுதிக்கொடுக்கும் கடிதம் இவ்வொப்படைப்பு ஆகாது.