ஒன்றுக்கு ஓர் அச்சு, நூற்றுக்கு ஓர் அச்சு

கண்டி நகரை அடுத்த ஹந்தானை மலைச்சாரலில், 1925ஆம் ஆண்டில் எழுந்த தேயிலைத் தொழிற்சாலை ஒன்று, 2001ஆம் ஆண்டு முதல் தேயிலை நூதனசாலையாக விளங்குகின்றது. அதன் கீழ்த்தளத்தில் பழைய இயந்திரங்கள் நிற்கின்றன. அவற்றின் இரும்புச் சக்கரங்களும் சட்டங்களும் எவ்வாறு உருவாயின என்பதை ஆராய்வோமாயின், இன்றைய பொறியியலாளர் எதிர்நோக்கும் ஒரு வினா மிகப் பழையதே என்பது புலனாகும்.

கண்டி அரசர் காலத்துக் கம்மியர், தேன்மெழுகினால் உருவமைத்து, அதன்மேல் மண் பூசி, சூடேற்றி மெழுகை வடித்து, அவ்வெற்றிடத்திற் பித்தளையை வார்த்தனர். ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில் அக்காலக் கைவினைகளை விரிவாக ஆராய்ந்துள்ளார். தமிழகத்துச் சுவாமிமலைச் சிற்பிகளும் மெழுகு வார்ப்பு முறையையே கையாளுகின்றனர். வார்த்த பொருளை எடுக்க மண்ணச்சை உடைத்தேயாக வேண்டும். ஆகவே ஒரு பொருளுக்கு ஓர் அச்சு. நூறு விளக்குகளுக்கு நூறு அச்சுகள்.

தேயிலைத் தொழில் வேறொன்றை வேண்டிற்று. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்திற் பயிரிடத் தொடங்கிய ஜேம்ஸ் டெயிலர், முதலில் தம் பங்களா விறாந்தையிற் கொழுந்தைக் கையால் உருட்டுவித்தார். 1872இல் உருட்டும் பொறியை அமைத்தார். பின்னர் வில்லியம் ஜாக்சன் வகுத்த பொறிகளைக் கெயின்ஸ்பரோ நகரின் மார்ஷல் கம்பெனியாரும், சிரொக்கோ உலர்த்திகளைப் பெல்பாஸ்டில் டேவிட்சனும் பெருவாரியாகச் செய்தனர். ஒரு தோட்டத்துச் சக்கரம் உடைந்தால் அதே அளவில் மற்றொன்று வேண்டும். பறித்த கொழுந்தோ காத்திராது.

இதற்கு உதவியது மர மாதிரி. தேர்ந்த தச்சன் அதனை ஒருமுறை செதுக்கிவிட்டால், மணலில் மீண்டும் மீண்டும் பதித்து இரும்பை வார்க்கலாம். குளிரும் வார்ப்பிரும்பு நூற்றுக்கு ஒரு பங்களவு சுருங்குமாதலின், மாதிரியைச் சற்றுப் பெரிதாகச் செய்தல் வேண்டும். மாதிரிக்குச் செல்லும் செலவு ஒரு சக்கரத்தின்மேல் விழுந்தாற் பெருஞ்சுமை. நூறு சக்கரங்களிற் பகிரப்பட்டால் அற்பம்.

1984இல் அமெரிக்கரான சார்ல்ஸ் ஹல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறை, பொருளை அடுக்கின்மேல் அடுக்காக வளர்க்கின்றது. முப்பரிமாண அச்சு எனப்படும் இதற்குத் தனி அச்சு தேவையில்லை. ஆயின் நூறாவது பொருளும் முதற்பொருள் எடுத்த நேரத்தையே எடுக்கும். பிளாத்திக்குச் சக்கரம் உருட்டும் பொறியின் பாரத்தைத் தாங்குதலும் அரிது. உலோகத்தையே அடுக்கி வளர்க்கும் இயந்திரங்களோ பெருவிலையுடையன.

ஆதலின், எத்தனை வேண்டும், எவ்வளவு பாரம் தாங்க வேண்டும் என்னும் இரண்டையும் கணித்தே முறையைத் தெரிதல் வேண்டும். செய்தவர் மறைந்து, மர மாதிரியும் அழிந்துபோன பழம்பொறிக்கு இரண்டையும் இணைக்கும் வழியும் உண்டு. உடைந்த சக்கரத்தை அளந்து, சுருக்கத்துக்கு இடம்விட்டு, மாதிரியை மட்டும் முப்பரிமாண அச்சிற் செய்து, மணலிற் பதித்து இரும்பை வார்க்கலாம். அப்போதும் மணலை இறுக்கவும் இரும்பின் பதமறிந்து ஊற்றவும் தெரிந்த வார்ப்புத் தொழிலாளி வேண்டும். அவரது கைத்திறன் அற்றுப்போகுமாயின், புதிய இயந்திரம் தரும் மாதிரி மாதிரியாகவே நின்றுவிடும்.