ஏரியும் சீமைக்கருவேலமும்



சேலத்தை அடுத்த பனமரத்துப்பட்டியில் ஒரு பேரேரி உண்டு. 1911ஆம் ஆண்டில் அமைந்த அது, சேலம் நகருக்கு நெடுங்காலம் குடிநீர் அளித்தது. மேட்டூரிலிருந்து காவிரி நீர் வரத் தொடங்கியபின் ஏரியைப் பேணும் கருத்துக் குறைந்தது, மழையும் பொய்த்தது. நீர் நிற்கவேண்டிய இடத்தில் சீமைக்கருவேலம் காடாய் மண்டியதைக் கண்டு வருந்தியவர்களுள் நானும் ஒருவன்.

அம்மரம் நம் மண்ணுக்கு உரியதன்று; மெக்சிகோ முதலிய அமெரிக்க நாடுகளுக்கு உரியது. விறகுத் தட்டுப்பாட்டை நீக்கும் பொருட்டு, 1870களில் ஆங்கில ஆட்சியினர் அதன் விதையை வருவித்தனர். அந்நோக்கம் பழுதன்று. ஏழையின் அடுப்பு எரிந்தது. கரிமூட்டத் தொழிலும் பலருக்குச் சோறளித்தது. ஆயினும் அதன் வேர் மிக ஆழமாய் இறங்கி நிலத்தடி நீரை உறிஞ்சுவது. அதன் காயை ஆடுமாடுகள் விரும்பி உண்ணும். அவற்றின் சாணத்தோடு விதை ஊரெங்கும் பரவும்.

தென்னாப்பிரிக்கா 1995ஆம் ஆண்டு முதல் இத்தகைய அயல் மரங்களை அகற்றி, ஆற்று நீரைக் காத்து வருகிறது. தமிழ்நாடு அரசும் அயல் தாவரங்களை அகற்ற 2022இல் ஒரு கொள்கை வகுத்தது.

வெட்டினால் மட்டும் போதுமா? போதாது. அடிக்கட்டை மீண்டும் தளிர்க்கும். வேரொடு களைதல் வேண்டும். வரத்துக் கால்வாய்களைச் செப்பனிடுதலும் வேண்டும். முன்னாளில் குடிமராமத்து என்னும் முறையால் ஊரார் ஒன்றுகூடித் தம் ஏரியைத் தாமே பேணினர். அவ்வழக்கம் தளர்ந்த இடத்திலேதான் முள் வேரூன்றியது. மரம் வந்ததனால் நாம் ஏரியைக் கைவிடவில்லை. நாம் கைவிட்டதனாலேயே மரம் வந்தது.