சுற்றுமடலும் சுண்ணாம்புக் குழியும்

1891ல் போப் பதின்மூன்றாம் லியோ வெளியிட்ட ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடலில் வரும் தொழிலாளி ஐரோப்பிய ஆலைத் தொழிலாளி. நியாயமான கூலியையும் சங்கம் சேரும் உரிமையையும் அந்த மடல் ஒப்புக்கொண்டது, சோஷலிஸத்தை மறுத்தது. கத்தோலிக்கர்களின் நவீன சமூகச் சிந்தனை இங்கிருந்துதான் கிளம்புகிறது. ஆம்பூர் தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோலைப் புரட்டுகிறவனை இச்சிந்தனை எப்போது பார்த்தது என்பது என் கேள்வி. அவன் தொழிலாளி ஆவதற்கு முன்பே ஒரு ஜாதியாக இருக்கிறான். கூலி உயர்ந்தால் வயிறு நிறையும்; தீட்டு போகாது.

இந்தியாவில் இச்சிந்தனைக்கு ஸ்தாபன உருவம் கொடுத்தவர் ஜெரோம் டிசூசா (1897–1977). யேசு சபைப் பாதிரியார், சென்னை லயோலா கல்லூரி முதல்வராக இருந்தவர், அரசியல் நிர்ணய சபை அங்கத்தினர். 1951ல் பூனாவில் அவர் தொடங்கிய இந்தியன் சோஷல் இன்ஸ்டிடியூட் 1960களில் தில்லிக்குப் போயிற்று. ‘சோஷல் ஆக்ஷன்’ என்ற அதன் ஆய்வுப் பத்திரிகையும் 1951ல் பிறந்ததுதான். தேச நிர்மாணம், வளர்ச்சி என்பது அக்காலத்தின் பொதுமொழி. ஸ்தாபனமும் அதையே பேசிற்று. அந்த மொழியில் ஜாதி ஒரு தடங்கல், அஸ்திவாரம் அல்ல.

இத்தனைக்கும் யேசு சபைக்கு ஜாதி புதிதில்லை. 1606ல் மதுரைக்கு வந்த நொபிலி உயர்ஜாதியாருக்காகச் சந்நியாசிக் கோலம் பூண்டார். பின்னால் தாழ்த்தப்பட்டவர்களுக்கென்று பண்டாரசாமிகள் தனியாக வந்தார்கள். ஜாதியை இவ்வளவு நுணுக்கமாக அவதானித்த கண், அதை அநீதியாகப் பார்க்க முந்நூறு வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது.

1950ன் ஜனாதிபதி ஆணை ஷெட்யூல்டு ஜாதி அந்தஸ்தை இந்துக்களோடு நிறுத்தியது. 1956ல் சீக்கியருக்கும் 1990ல் பௌத்தருக்கும் அது நீட்டப்பட்டது. கிறிஸ்தவருக்கு இன்றும் இல்லை. ஞானஸ்நானம் ஜாதியைக் கழுவிவிடும் என்ற நம்பிக்கை, சபையைவிடச் சர்க்காருக்கு அதிகம் உபயோகப்பட்டது. 1982ல் திருச்சியில் கூடிய ஆயர்கள் ஜாதிக்குக் கிறிஸ்தவத்தில் இடமில்லை என்று அறிவித்தார்கள். அறிவிப்பு சுலபம். ஹோசே காணானாய்க்கில் தமிழ்நாட்டில் ஸர்வே செய்து, மதம் மாறிய ஷெட்யூல்டு ஜாதியினரின் சமூக ஊனங்களைப் பற்றி எழுதிய நூலை இன்ஸ்டிடியூட் 1990ல் வெளியிட்டது. ஒரு சபை ஸ்தாபனம் தன் வீட்டுக்குள்ளேயே அளவுகோலை எடுத்துப் போனது, என் வரையில், அதன் சரித்திரத்திலேயே முக்கியமான காரியம். போதனை சமூக விஞ்ஞானமாக மாறிய இடம் அதுதான்.

ஆனால் இவ்வளவும் ஆங்கிலத்தில் நடந்தது. ஆங்கிலத்தில் ‘பொலூஷன்’ என்று ஒரே வார்த்தை இரண்டு காரியம் செய்கிறது. நமக்கு மாசு வேறு, தீட்டு வேறு. பாலாற்று வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று சுப்ரீம் கோர்ட் தந்த தீர்ப்பு, மாசு செய்தவன் செலவை ஏற்கவேண்டும் என்றது; 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முழுமையாகவோ பாழ் என்ற மதிப்பீட்டைக் குறிப்பிட்டது. நிலத்துக்கும் கிணற்றுக்கும் கணக்குப் பார்க்கலாம். தீட்டுக்கு இழப்பீடு கேட்டு எந்தக் கோர்ட்டுக்குப் போவது? நான் உட்காரும் பாங்கு கவுண்டரில் தோல் என்பது பாக்கிங் கிரெடிட், ஏற்றுமதி பில். அந்தப் பேரேட்டிலும் குழிக்குப் பத்தி கிடையாது.

தமிழில் அந்தப் பத்தியைத் திறந்தது ஒரு நாவல்: திண்டுக்கல் தோல் தொழிலாளர்களைப் பற்றி டி. செல்வராஜ் 2010ல் எழுதிய ‘தோல்’. அவர் மார்க்ஸீயர். சுற்றுமடல் மறுத்த தரப்பிலிருந்து வந்தவர். தில்லி ஸர்வேயும் இந்த நாவலும் ஒன்றையொன்று தெரியாமல் ஒரே மனிதனைத்தான் தேடியிருக்கின்றன. ஸர்வேயைத் தமிழில் படிக்க முடிந்தால், அந்த மனிதனே இரண்டையும் பக்கத்தில் வைத்து எது தன்னைப் பற்றியது என்று சொல்லியிருப்பான்.