மறவாமை கேட்டவளின் ஊரில்

காரைக்கால் அம்மையார் சிவனிடம் கேட்ட வரங்களில் ஒன்று மறவாமை. இனிப் பிறவி கூடாது, பிறந்தே தீரவேண்டும் என்றால் உன்னை மறக்கக் கூடாது என்று அவர் கேட்டதாகப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடுகிறார். இந்த வேண்டுதலைப் பக்தியின் உச்சமாக மட்டுமே நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். புனிதவதி என்ற பெண்ணின் வாழ்க்கைக்குள் வைத்து அதைப் படித்தால் வேறொன்றும் தெரியும். கணவன் பரமதத்தன் அவரை விட்டுப் பாண்டிநாடு போகிறான். அங்கே வேறொருத்தியை மணந்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயரிடுகிறான். அம்மையார் உயிரோடிருக்கும்போதே அவர் பெயர் இன்னொரு உடம்புக்குப் போய்விடுகிறது. பெயர், வீடு, உறவு எல்லாம் கைவிட்டுப் போன ஒருத்தி கடைசியாகக் கேட்டது நினைவைத்தான்.

அவர் கையாண்ட வடிவமும் நினைவுக்காகவே ஆனது. அற்புதத் திருவந்தாதியின் 101 வெண்பாக்களில் ஒன்று முடியும் இடத்தில் அடுத்தது தொடங்குகிறது. முடிவே அடுத்ததற்கு அடியெடுத்துக் கொடுப்பதால் ஏடு கையில் இல்லாதவருக்கும் வரிசை தப்பாது. தமிழில் நமக்குக் கிடைக்கும் முதல் அந்தாதி நூல்களுள் ஒன்றைச் செய்தவர் ஒரு பெண் என்பதை வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் அழுத்திச் சொல்கிறேன்.

என் ஊர் போலகம், காரைக்காலுக்குத் தெற்கே திருமலைராயன்பட்டினம் கொம்யூனில் இருக்கிறது. பட்டினத்துக்கு இன்னொரு கவிஞரின் கதையும் உண்டு. திருமலைராயன் அவையில் அவமதிக்கப்பட்ட காளமேகம், ஊரில் மண்மாரி பொழிய வேண்டும் என்று வசை பாடினார், ஊர் மண்மூடியது என்பார்கள். கடற்கரை மணலைக் காட்டி, இன்றும் அந்தப் பாட்டைச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஓர் ஆணின் கோபம் ஐந்நூறு ஆண்டுகளாக வாய்மாறி வாய் வந்துகொண்டிருக்கிறது. அதே ஊரில் ஒவ்வொரு சாவுக்கும் பெண்கள் பாடிய துக்கம் பதினாறாம் நாளைத் தாண்டியதில்லை. பாடிய பெண்ணின் பெயரையும் யாரும் குறித்து வைத்ததில்லை.

ஒப்பாரி வெறும் அழுகை அல்ல. இறந்தவரைப் பொன்னுக்கும் முத்துக்கும் ஒப்பிட்டு அழைத்து, பிறகு தன் நிலையைச் சொல்லும் கட்டுக்கோப்பான பாட்டு. பிறந்தவீட்டுச் சீர் நின்றுபோனது, அண்ணன் மனைவி முகம் திருப்பியது, மாமியார் வீட்டில் பட்டது எல்லாம் அதற்குள் வரும். சாவு வீட்டில் மட்டும் ஒருத்தி இதையெல்லாம் ஊர் கேட்கச் சொல்லலாம். யாரும் வாயை அடைக்க முடியாது. செஞ்சிப் பகுதியில் களப்பணி செய்து இசபெல் கிளார்க்-தெசே 2005இல் வெளியிட்ட ஆய்வு நூல், ஒப்பாரிப் பெண்கள் பெரும்பாலும் தங்களுக்காகவே அழுகிறார்கள் என்று வாதிடுகிறது. இந்தச் சுதந்திரம் எல்லாருக்கும் ஒரே அளவில் கிடைத்ததில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆதிக்கச் சாதி வீட்டுச் சாவுக்குப் போய் மாரடித்து அழுவது தலித் பெண்களின் மீது கடமையாகச் சுமத்தப்பட்டிருந்தது. அவர்கள் துக்கம் அவர்களுக்கே சொந்தமாக இல்லாத வீடுகள் அவை.

எழுத்து இலக்கியம் பெண்களின் புலம்பலில் சிறிதளவைக் காப்பாற்றியிருக்கிறது. 1894இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்த புறநானூற்றில் பாரி மகளிரின் பாட்டும் அதியமானுக்காக ஔவை பாடியதும் கையறுநிலை என்ற துறையில் அடங்கும். பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு தீப்புகுமுன் பாடியது ஆனந்தப்பையுள். தமிழ் இலக்கணம் துக்கத்தை இவ்வளவு நுட்பமாகப் பிரித்துப் பெயரிட்டிருக்கிறது. ஆனால் இந்தத் துறைகளுக்கெல்லாம் ஒரு சாவு வேண்டும். ஆள் இருக்க, அவர் நினைவு மட்டும் போய்விட்டால் பாடுவதற்குத் துறை இல்லை.

இந்தக் குறையை நான் நூலகத்தில் கண்டுபிடிக்கவில்லை. என் அப்பாயி எங்கள் தெருவில் ஒப்பாரிக்குப் பேர்போனவர். பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் பிறந்து, 1954 நவம்பர் 1ஆம் தேதி காரைக்கால் இந்திய நிர்வாகத்துக்கு மாறியபோது கைக்குழந்தையோடு இருந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. எண்பது வயதை நெருங்கும்போது முதலில் சாப்பிட்டதை மறந்தார், பிறகு தெருவை, பிறகு எங்களை. என் அப்பாவைத் தன் அண்ணன் என்று நினைத்து, ஊருக்கு எப்போது கூட்டிப் போவாய் என்று கேட்பார். பாட்டு மட்டும் போகவில்லை. பேச்சில் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாதவர், ராகமெடுத்தால் பத்து அடி தடங்கலில்லாமல் சொல்வார். பழகிய பாட்டு மற்ற நினைவுகளைவிட நெடுநாள் தங்கும் என்பதை மருத்துவர்களும் கவனித்திருக்கிறார்கள்.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. அப்பாயிக்குத் தங்கிய பாட்டு ஒப்பாரி. நல்ல நாள், வெள்ளிக்கிழமை என்றில்லாமல் திண்ணையில் உட்கார்ந்து அழுது பாடினார். ஆள் நன்றாக இருக்கும் வீட்டில் ஒப்பாரி அமங்கலம் என்று தெருவில் பேசினார்கள். என் அத்தைக்கு மாப்பிள்ளை வீட்டார் வரும் நாளில் அவரைப் பின்கட்டு அறையில் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் சாவுக்குக் கூப்பிட்டு அழைத்துப் போன குரலை வீடு இப்போது மூடி வைத்தது.

அந்தப் பாட்டில் ஒரு பெண்குழந்தை திரும்பத் திரும்ப வந்தது. என் அப்பாவுக்கு முன் பிறந்து, பேச்சு வருமுன் போன பிள்ளை. வீட்டில் யாரும் அவளைப் பற்றிப் பேசியதில்லை, அப்பாவுக்கே தெரியாது. பெண்குழந்தை, அதுவும் தலைப்பிள்ளை என்பதால் பெரிதாக அழக்கூடாது என்று அன்றைக்குச் சொல்லியிருக்கிறார்கள். அறுபது ஆண்டுகள் அடக்கி வைத்த அந்த அழுகைக்கு மறதிதான் கதவைத் திறந்துவிட்டது. அமங்கலம் எது என்ற நினைவு போனபின்தான் அவரால் தன் மகளுக்காக அழ முடிந்தது.

மறதி நோயின் வரலாறும் ஒரு பெண்ணிடமிருந்தே தொடங்குகிறது. 1901இல் பிராங்பர்ட் மருத்துவமனைக்கு வந்த ஆகுஸ்தே தேத்தருக்கு வயது 51. அலோயிஸ் அல்சைமர் அவரிடம் கேள்விகள் கேட்டுப் பதில்களைக் குறித்தார். பெயரை எழுதச் சொன்னபோது அவரால் எழுதி முடிக்க முடியவில்லை. 1906இல் அவர் இறந்தபின் அந்த மருத்துவர் தன் கண்டறிதலை அறிவித்தார். 1910இல் கிரெப்ளின் தன் பாடநூலில் நோய்க்கு மருத்துவரின் பெயரைச் சூட்டினார். பாதியில் நின்ற கையெழுத்துத் தாளோடு ஆகுஸ்தேயின் கோப்பு மீண்டும் கிடைத்தது 1995இல்தான். இங்கும் ஒரு பெண்ணின் பெயர்தான் முதலில் தொலைந்தது.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, டிமென்சியா இருப்பதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வொன்று மதிப்பிட்டது. ஆண்களில் 5.8, பெண்களில் 9 விழுக்காடு. நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். பள்ளிக்கு அனுப்பப்படாத பெண்களின் தலைமுறை இது. அவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, இரவில் கதவைத் தாழிட்டுக் காப்பவர்களும் பெரும்பாலும் மருமகள்களும் மகள்களுமே. எங்கள் வீட்டில் அது என் அம்மா. தன் பெயரையே மறந்துவிட்ட மாமியாருக்கு ஐந்து ஆண்டுகள் சோறு பிசைந்து கொடுத்தார். அவருக்கு வந்த துக்கத்துக்கு யாரும் துக்கம் விசாரிக்க வரவில்லை.

ஆள் இருந்தும் இல்லாத இந்த நிலைக்குத் தெளிவற்ற இழப்பு என்று பெயரிட்டவர் அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ். சடங்கு இல்லாததால் இந்தத் துக்கம் முடிவதில்லை என்பது அவர் கருத்து. பிரெஞ்சு எழுத்தாளர் ஆனி எர்னோ அல்சைமர் கண்ட தன் தாயைப் பார்த்துவந்த நாட்களில் எழுதிய குறிப்புகளை 1997இல் அப்படியே வெளியிட்டார். தாய் கடைசியாக எழுதிய வாக்கியமே அந்நூலின் தலைப்பு. சடங்கு கைகொடுக்காத இடத்தில் அவர் எழுத்தை வைத்தார்.

நான் அந்தாதியை எடுத்துக்கொண்டேன். அப்பாயி உயிரோடிருந்த கடைசி இரண்டு ஆண்டுகளில் அவர் பேச்சில் மிஞ்சிய கடைசிச் சொல்லை எடுத்து அடுத்த கவிதையைத் தொடங்கினேன். அவர் விட்ட இடத்தில் நான் பிடித்தேன். உயிரோடிருப்பவரைப் பாடும் கையறுநிலை என்று ஒரு மூத்த பேராசிரியரிடம் சொன்னபோது, அப்படி ஒரு துறை கிடையாது என்றார். இலக்கியம் கண்டதற்கே இலக்கணம் என்பதும் நாம் படித்ததுதானே. பெண்கள் பின்கட்டில் அனுபவிப்பது பாட்டாக வந்தால் துறை பின்னால் வரும்.

நாட்டார் பாடல் தொகுப்புகளில் ஒப்பாரிக்கு எப்போதும் ஒரு பகுதி உண்டு. ஊர் இருக்கும், மாவட்டம் இருக்கும், பாடியவர் பெயர் பல இடங்களில் இருக்காது. அதனால் என் மாணவிகளுக்கு ஒரே ஒரு விதி வைத்திருக்கிறேன். பாட்டியிடமோ அம்மாவிடமோ ஒரு பாட்டைக் கேட்டு எழுதி வாருங்கள். சுருதி தப்பினாலும் பரவாயில்லை, அடி விட்டுப்போனாலும் பரவாயில்லை. ஆனால் நோட்டின் முதல் வரியில், பாட்டுக்கு முன், பாடியவரின் பெயரை எழுதுங்கள். அவருக்கே அது மறந்துபோயிருந்தால், அந்தப் பெயரைச் சொல்லி அவரை ஒருமுறை கூப்பிட்டுவிட்டு எழுதத் தொடங்குங்கள்.