பாளையிலிருந்து பால் தம்ளர் வரை

நாட்டு மருந்துக் கடையில் பொட்டலமாக நாம் வாங்கும் பனங்கற்கண்டு, உடன்குடிப் பக்கத்துச் செந்நிறத் தேரி மண்ணில், ஒரு பனையின் உச்சியில் பிறக்கிறது.

மாசி, பங்குனியில் பதநீர்க் காலம் தொடங்கும்; ஆடி வரை நீடிக்கும். காலில் தளைநார் மாட்டி, இடுப்பில் பாளை அரிவாளோடு பனையேறி மேலே போகிறார். பாளையை இடுக்கியால் நசுக்கிப் பக்குவப்படுத்தி, நுனியை மெல்லிய வில்லையாகச் சீவிவிட்டுக் கலயத்தைக் கட்டுகிறார். சீவிய இடத்தில் துளி துளியாக ஊறுவதுதான் நீர். காலையும் மாலையும் ஏறிச் சீவினால்தான் அது ஊறிக்கொண்டே இருக்கும்; ஒரு நாள் விட்டாலும் பாளை காய்ந்துவிடும்.

அந்த நீரின் விதியைத் தீர்மானிப்பது கலயத்தின் உட்புறம் தடவிய சுண்ணாம்பு. அது இல்லையென்றால் சில மணி நேரத்திலேயே புளித்துக் கள்ளாகிவிடும். சுண்ணாம்பு இருந்தால் பதநீர். அதன் இனிப்பு கெடாமல் கீழே இறங்குகிறது.

கீழே, பதநீர் காய்ச்சும் விடிலியில் அடுப்பு காத்திருக்கிறது. நூறு பங்கு பதநீரில் சர்க்கரை ஏறக்குறைய 12 பங்குதான், மிச்சமெல்லாம் தண்ணீர். அதை வற்றவைக்கும் வேலை பெரும்பாலும் வீட்டுப் பெண்களுடையது. பனை மட்டையும் உடைமுள்ளும் எரியும் அனலருகே மணிக்கணக்கில் நின்று கிளற வேண்டும். பொங்கி வழியப் பார்த்தால் ஆமணக்கு விதையை நசுக்கிப் போடுவார்கள், நுரை அடங்கிவிடும்.

இங்கேதான் பாதை இரண்டாகப் பிரிகிறது. கெட்டியாகும்வரை காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றினால், அன்றே கருப்பட்டி. கற்கண்டுக்குப் பாகுப் பதத்திலேயே இறக்கி, நூல் தொங்கவிட்ட பானையில் ஊற்றி, சுமார் 40 நாள் அசைக்காமல் வைக்க வேண்டும். நூலைப் பற்றிக்கொண்டு பளிங்கு பளிங்காகக் கற்கண்டு விளையும். மிச்சப் பாகை வடித்து, கழுவிக் காயவைத்து உடைப்பார்கள். விலை கூடுதலாக இருப்பதற்கு இந்தக் காத்திருப்பும் ஒரு காரணம்.

பிறகு அது வந்து சேருவது நம் அடுக்களைக்கு. வறட்டு இருமலுக்கும் தொண்டைக் கரகரப்புக்கும் சூடான பாலில் மிளகுத்தூள், மஞ்சள்தூள், பனங்கற்கண்டு. வாயில் ஒரு துண்டை அடக்கிக்கொண்டாலே உமிழ்நீர் சுரந்து தொண்டை நனைகிறது. கசக்கும் சூரணத்தைக் குழந்தை விழுங்கவும் இதுவே கைகொடுக்கிறது.

ஆனால் மருந்து என்ற பெயரால் ஏமாந்துவிடக் கூடாது. இதன் பெரும்பகுதி சுக்ரோஸ், அதாவது வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே பொருள். நீரிழிவுக்காரர்களுக்கு இது ஏற்றது என்று சொல்வது தவறு. இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் பால் தம்ளரை நம்பியிருக்காமல் சளிப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

இன்னொரு ஆபத்து கலப்படம். சீனிப் பாகு சேர்த்துச் செய்த கற்கண்டும் இதே பெயரில் விற்கிறது. நல்ல பனங்கற்கண்டு பழுப்பேறி, ஒழுங்கில்லாத கட்டிகளாக இருக்கும்; உடைத்தால் சிலவற்றில் நூல் இழை தெரியும். வெளுத்து, ஒரே அளவில் மின்னினால் யோசித்து வாங்குங்கள்.

பனை தமிழ்நாட்டின் மாநில மரம். அந்தப் பெருமையைக் காப்பவர்கள் உயிரைப் பணயம் வைத்து ஏறுகிறவர்களும் அடுப்படியில் வேகிறவர்களும்தான். மலிவு விலைக் கலப்படத்தோடு அவர்களைப் போட்டியிட விட்டால் ஏறும் கைகள் குறையும். அசலுக்குரிய விலையைக் கேட்டுக் கொடுப்பது நம் தொண்டைக்கும் நல்லது, அந்தத் தொழிலுக்கும் நல்லது.