மாறும் ஆண்டுகளின் இழப்பு யாருடையது? சிறு உழவரும் இயற்கை வேளாண்மைக் கொள்கையும்

தமிழ்நாட்டில் இயற்கை வேளாண்மைக்காகக் குரல்கொடுத்துவரும் இயக்கங்கள் அரசிடம் நெடுங்காலமாகக் கேட்டவை தனிக் கொள்கை, சான்றிதழ், சந்தை ஆகிய மூன்றும்தான். அவை ஓரளவு கைகூடிவிட்டன. அங்ககச் சான்றளிப்புக்கு அரசுத் துறை இருக்கிறது. 2021 முதல் வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை வருகிறது. 2023 மார்ச்சில் மாநிலத்தின் அங்கக வேளாண்மைக் கொள்கையும் வெளியானது. ஆயினும் ஒன்றரை ஏக்கரில் நெல் வைப்பவர், அதிலும் குத்தகைக்கு உழுபவர், யூரியா மூட்டையை இன்னும் விடவில்லை. அவருடைய அறியாமையைக் காரணம் சொல்வது வழக்கமாகிவிட்டது. இக்கட்டுரை அதை மறுக்கிறது. ரசாயனத்திலிருந்து விலகும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளின் இழப்பை யார் தாங்குவது என்ற கேள்விக்கு நம் கொள்கைகளில் உரிய விடை இல்லை. அது இல்லாதவரை சிறு உழவர் மாறாமலிருப்பது அவருடைய கணக்கின்படி சரியான முடிவே. கொள்கைக்கான நம் வாதம் இனி அந்த இழப்பை மையமாகக் கொள்ள வேண்டும்.

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் நில உடைமைகளில் 86 விழுக்காடு இரண்டு எக்டருக்கும் குறைவானவை. தமிழ்நாட்டில் சராசரி உடைமை 0.75 எக்டர், சிறு, குறு உடைமைகள் 93 விழுக்காடு. இவ்வளவு சிறிய நிலத்தில் ஒரு போகத்தின் விளைச்சல் கால்பங்கு குறைந்தாலும் அது வீட்டுச் சோற்றிலும் வட்டிக் கணக்கிலும் உடனே தெரியும். பத்து ஏக்கரும் கிணறும் நகரத்தில் சம்பளம் வாங்கும் பிள்ளையும் உடையவருக்கு அதே இழப்பு ஒரு சோதனைச் செலவு மட்டுமே. மேடைகளில் முன்னோடிகளாக நாம் பாராட்டுவோரில் பலர் இரண்டாம் வகையினர். அவர்கள் முயற்சியைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. அவர்களுடைய அனுபவத்தைச் சிறு உழவருக்குப் பொதுவிதியாக்குவதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

இழப்பு ஏன் வருகிறது என்பதை மண்ணின் கணக்கே காட்டும். மத்திய, நீண்டகால நெல் ரகங்களுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை எக்டருக்கு 150 கிலோ தழைச்சத்து, அதாவது ஏக்கருக்கு 60 கிலோ. யூரியாவில் தழைச்சத்து 46 விழுக்காடு. 45 கிலோ மூட்டைகள் மூன்று போட்டால் தேவை தீர்ந்துவிடுகிறது. விலை சுமார் எண்ணூறு ரூபாய். இயற்கை வேளாண்மையில் ஏக்கருக்கு ஒருமுறை விடும் 200 லிட்டர் ஜீவாமிர்தத்தில் சேர்வது பத்து கிலோ சாணம், ஐந்து முதல் பத்து லிட்டர் கோமியம், இரண்டிரண்டு கிலோ வெல்லமும் பயறு மாவும், ஒரு கைப்பிடி மண். இவற்றிலுள்ள தழைச்சத்தைக் கூட்டினால் கால் கிலோ அளவில் நிற்கும். மாதம் இருமுறை விட்டாலும் ஒரு போகத்துக்கு இரண்டு கிலோவைப் பெரிதாகத் தாண்டாது.

இந்தக் கணக்கைக் காட்டித்தான் வேளாண் அறிவியலாளர் பலர் இயற்கை வேளாண்மையை நிராகரிக்கிறார்கள். 2019-இல் தேசிய வேளாண் அறிவியல் கழகம் செலவில்லா இயற்கை வேளாண்மையை நிரூபிக்கப்படாத முறை என்று சொல்லி அரசுக்குத் தன் எதிர்ப்பைத் தெரிவித்தது. நம் தரப்பில் பலர் இக்கணக்கைப் பேசவே தயங்குகிறார்கள். தயங்க வேண்டியதில்லை. ஜீவாமிர்தத்தின் வேலை நுண்ணுயிர்களைப் பெருக்குவது. பயிருக்கான தழைச்சத்து வேறு வழியில் வரவேண்டும்: மடக்கி உழுத தக்கைப்பூண்டிலிருந்தும் சணப்பிலிருந்தும், ஊடுபயிரான உளுந்திலிருந்தும், மூடாக்கிலிருந்தும், தொழுவுரத்திலிருந்தும். ஒரு நல்ல தக்கைப்பூண்டுப் பயிர் ஐம்பது நாளில் எக்டருக்கு 60 கிலோவுக்கும் மேல் தழைச்சத்து சேர்க்கக்கூடியது. ஆனால் அந்த ஐம்பது நாளும் நிலம் வேறு எதையும் விளைவிக்காது. விதைக்குப் பணம் வேண்டும், முளைக்க ஈரம் வேண்டும். மண்ணின் அங்ககக் கரிமம் உயர ஆண்டுகள் பிடிக்கும். ஆக, அறிவியலாளரின் ஐயம் காட்டுவது இம்முறை இயலாதது என்பதை அன்று; இதற்குக் காலம் வேண்டும் என்பதையும், அந்தக் காலத்துக்கு ஒரு விலை உண்டு என்பதையுமே. அந்த விலையைப் பொதுப்பணத்திலிருந்து கோருவதற்கு இதைவிட வலுவான ஆதாரம் நம்மிடம் இல்லை.

இன்றைய பொதுப்பணம் எதிர்த்திசையில் பாய்கிறது. 2022-23-இல் ஒன்றிய அரசின் உர மானியச் செலவு 2.51 லட்சம் கோடி ரூபாய். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற தேசிய இயற்கை வேளாண்மை இயக்கத்தின் மொத்த ஒதுக்கீடு, மாநிலங்களின் பங்கையும் சேர்த்து, 2,481 கோடி. அந்த ஓராண்டு உர மானியத்தில் நூறில் ஒரு பங்கு. போர்ச்சூழலால் உலகச் சந்தையில் உர விலை ஏறிய ஆண்டு 2022-23 என்பது உண்மைதான். விலை தணிந்த ஆண்டுகளோடு ஒப்பிட்டாலும் இடைவெளி மலைக்க வைக்கும். தொகையைவிட அது கைக்கு வரும் வடிவமே முதன்மையான சிக்கல். மானியம் மூட்டை வழியாக வருகிறது. அதிக மூட்டை வாங்குபவருக்கு அதிக மானியம், ஒரு மூட்டையும் வாங்காதவருக்கு ஒன்றுமில்லை. ரசாயனத்தைக் கைவிடும் உழவர் அந்த நாளிலிருந்தே அரசின் மிகப் பெரிய வேளாண் உதவியையும் கைவிடுகிறார்.

கடனும் அப்படித்தான். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன், பயிருக்குப் பயிர் வகுத்த கடன் அளவின்படி கிடைக்கிறது. அதில் ஒரு கூறு ரொக்கமாக வராமல் உரமாகவே வருகிறது. தவணை தவறாமல் கட்டினால் வட்டியில்லாத இந்தக் கடனைவிட மலிவான பணம் கிராமத்தில் கிடையாது. உரம் வேண்டாம், அந்தத் தொகைக்குத் தக்கைப்பூண்டு விதையும் கடலைப்புண்ணாக்கும் வாங்கிக்கொள்கிறேன் என்று கேட்பவருக்கு இந்த ஏற்பாட்டில் இடமில்லை. பயிர்க்காப்பீடு மேலும் தொலைவில் நிற்கிறது. பிரதமரின் பயிர்க்காப்பீட்டுத் திட்டம் அறிவிக்கை செய்யப்பட்ட பரப்பு முழுவதன் சராசரி மகசூலைப் பார்க்கிறது. ஊரில் ஒருவர் மட்டும் மாறி, அவருடைய வயலில் மட்டும் மகசூல் குறைந்தால், அந்த இழப்பு காப்பீட்டின் கண்ணில் படாது. கொள்முதலையும் பார்ப்போம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குச் சன்ன ரகம், பொது ரகம் என்ற இரண்டு வகைதான் தெரியும். ஒன்றிய அரசின் அரிசித் தர வரையறையில் சிவப்பு மணி ஒரு குறையாகக் கணக்கிடப்பட்டு அதற்கு உச்சவரம்பும் வைக்கப்பட்டுள்ளது. நெல் ஜெயராமன் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த மாப்பிள்ளைச் சம்பா போன்ற சிவப்பரிசி ரகங்கள் இந்த வரையறைக்கு முன்னால் பழுதான சரக்கு. அவர் பெயரால் மரபு நெல் பாதுகாப்புத் திட்டம் நடத்தும் அரசு இதற்குத் தனி வரையறை கேட்டு ஒன்றியத்திடம் வாதாட வேண்டாமா?

இந்தத் தடைகளை அப்படியே வைத்துக்கொண்டு, மாற்றத்தை மட்டும் ஆணையால் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கை சாட்சி. 2019 அதிபர் தேர்தல் அறிக்கையில் கோட்டாபய ராஜபக்ச பத்தாண்டுகளில் படிப்படியாக மாறுவதாகச் சொல்லியிருந்தார். 2021 மே மாதத்தில் ரசாயன உர, பூச்சிக்கொல்லி இறக்குமதி வர்த்தமானி அறிவித்தலால் ஒரேயடியாகத் தடைசெய்யப்பட்டது. அந்நியச் செலாவணி நெருக்கடி அதற்கு ஒரு காரணம். இயற்கை உரம் போதிய அளவில் நாட்டில் இல்லை. மாற்று வழியைக் கற்றுத்தர விரிவாக்கப் பணியாளர் இல்லை. இழப்பீட்டுக்கு முன்னேற்பாடு இல்லை. நவம்பருக்குள் தடை விலக்கப்பட்டும் பெரும்போகம் தப்பவில்லை. நெல் விளைச்சல் முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ நாற்பது விழுக்காடு சரிந்தது. மாறும் காலத்தின் முழு இழப்பையும் கமக்காரர் தலையில் ஒரே போகத்தில் இறக்கிய கொள்கை அது. யாழ்ப்பாணத்தின் சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீரில் நைட்ரேட் மிகுந்திருப்பது பல காலமாக அறியப்பட்டது. உரத்தைக் குறைக்க அங்கே நியாயமான காரணம் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் அந்தத் தடைக்குப் பிறகு அதைப் பேசுவோர் குற்றவாளிபோல் பார்க்கப்படும் நிலை உருவானதே, அதுதான் நெடுநாள் சேதம். 2016-இல் முழு அங்கக மாநிலமாக அறிவிக்கப்பட்ட சிக்கிமை எதிர்க்காட்டாகச் சிலர் சொல்வதுண்டு. அங்கே 2003 தீர்மானத்திலிருந்து அறிவிப்பு வரை பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. உரப் பயன்பாடு தொடக்கத்திலேயே மிகக் குறைவு. காவிரிப் படுகைக்கு அது அளவுகோல் ஆகாது.

நமக்கு நெருக்கமான பாடம் ஆந்திரத்தில் இருக்கிறது. 2000-களின் தொடக்கத்தில், அப்போதைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்துப் புனுகுலா கிராமத்தில், பருத்தியில் பூச்சிக்கொல்லிக் கடனால் நொடிந்த உழவர்கள் வேப்பங்கொட்டைக் கரைசலுக்கும் இனக்கவர்ச்சிப் பொறிக்கும் மாறினார்கள். துணைநின்றவை தன்னார்வ அமைப்புகள். அந்த அமைப்புகள் ஊரில் கிடைத்த சான்றை மகளிர் சுயஉதவிக் குழுக்களை நடத்திவந்த அரசின் ஊரக வறுமை ஒழிப்புச் சங்கத்திடம் கொண்டுசென்றதே திருப்புமுனை. வேளாண் துறைக்கு வெளியே இருந்த நிறுவனம் அது. ஆனால் சேமிப்பு, சிறுகடன், கூட்ட ஒழுங்கு எல்லாம் ஊருக்குள் ஏற்கெனவே வேரூன்றியிருந்தன. 2015-16-இல் தொடங்கி, பின்னர் சமூகம் நிர்வகிக்கும் இயற்கை வேளாண்மை என்று பெயர்பெற்ற திட்டமும் அதே தளத்தில்தான் எழுந்தது. ரைது சாதிகார சம்ஸ்தா என்ற அரசு நிறுவனத்தின் வழி அதை நடத்தியவர் இந்திய ஆட்சிப் பணி அதிகாரியாக இருந்த டி. விஜயகுமார். 2024-இல் இத்திட்டம் குல்பென்கியன் பரிசை மண் அறிவியலாளர் ரத்தன் லால், எகிப்தின் செகம் அமைப்பு ஆகியோருடன் பகிர்ந்துகொண்டது.

இத்திட்டத்தில் எனக்கு முதன்மையாகப் படுவது, இழப்பைச் சிறு துண்டுகளாக்கிய விதம். முழு நிலத்தையும் மாற்றச் சொல்லி யாரையும் வற்புறுத்தவில்லை. அரை ஏக்கரில் தொடங்கலாம். அருகிலேயே இருக்கும், தானே பயிரிடும் சக உழவர்தான் ஆசான். பருவமழைக்கு முன்பே பலவகை விதைகளைக் கலந்து விதைத்து, தரிசாய்க் கிடக்கும் மாதங்களில் மண்ணை மூடிவைக்கிறார்கள். தீவனமும் கீரையும் கொஞ்சம் காசும் முதன்மைப் பயிருக்கு முன்பே கைக்கு வருகின்றன. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் சொன்ன பலதானிய விதைப்புக்கு நெருங்கிய உறவு இது. அனந்தபூர்போன்ற வறண்ட மாவட்டத்தில் இது செல்லுபடியாகிறது என்பதே நம் தருமபுரிக்கும் இராமநாதபுரத்துக்கும் போதுமான சேதி. இருப்பினும் 2018-இல் அறிவித்த இலக்கு, அதாவது 2024-க்குள் அறுபது லட்சம் உழவர், எட்டப்படவில்லை. சேர்ந்தவர்கள் அதில் ஒரு சிறு பகுதியே. காரணங்கள் பல. குத்தகையை அவற்றில் தலையாயதாக நான் கருதுகிறேன். 2019-இல் ஆந்திரம் இயற்றிய பயிர் சாகுபடியாளர் உரிமைச் சட்டம் பதினொரு மாத அட்டை தருகிறது. அதற்கும் நில உடைமையாளர் ஒப்ப வேண்டும். மூன்றாம் ஆண்டில் பலன் தரும் மண்ணில் பதினொரு மாத உரிமையோடு யார் உழைப்பார்?

தமிழ்நாட்டிலும் முடிச்சு இங்கேதான். குத்தகைப் பதிவுக்கு 1969-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. வாய்மொழிக் குத்தகையே ஊர் வழக்கு. பட்டா இல்லாதவருக்குப் பிரதமரின் கிசான் உதவித்தொகை ஆண்டுக்கு ஆறாயிரம் கிடைப்பதில்லை. சாகுபடி அடங்கல் வாங்குவதே போராட்டம். மண்ணை வளப்படுத்தினால் அடுத்த ஆண்டு குத்தகை ஏறும் என்ற அச்சம் வேறு. பட்டாவை அடிப்படையாக வைத்துத் தரும் எந்த ஊக்கத்தொகையும் உழுபவரைத் தாண்டி உடைமையாளரிடம் போய்விடும். எனவே குத்தகை உறுதியும் மாறும் கால உதவியும் ஒரே கோரிக்கையாக எழ வேண்டும்.

எங்கே தொடங்குவது? இந்து சமய அறநிலையத் துறையின் நிர்வாகத்திலுள்ள கோயில், மட நிலங்களில் தொடங்கலாம் என்பது என் முன்மொழிவு. சுமார் 4.78 லட்சம் ஏக்கர். காவிரிப் படுகையில் கணிசமான பகுதி. உழுபவர் பெரும்பாலும் சிறு குத்தகையாளர். தனியார் நிலத்தில் அரசு உடைமையாளரின் ஒப்புதலைத் தேட வேண்டும். இங்கே குத்தகை நிர்வாகமே அரசுத் துறையின் மேற்பார்வையில் நடக்கிறது. விரும்பும் குத்தகையாளருக்கு ஐந்தாண்டு எழுத்துப்பூர்வ உறுதியும், மாறும் முதல் மூன்று ஆண்டுகளில் குத்தகையில் பாதித் தள்ளுபடியும் தர வேண்டும். கோயில் வருமானத்தைத் தள்ளுபடி செய்வது அறக்கட்டளைக்கு இழப்பாகும், அதைச் சட்டமும் ஏற்காது; ஆகவே அந்தப் பாதியை வேளாண் நிதிநிலை அறிக்கையிலிருந்து அரசே கோயிலுக்குச் செலுத்த வேண்டும்.

நிதிக்கு ஒரு வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது. 2023 ஜூனில் ஒப்புதல் பெற்ற பி.எம். பிரணாம் திட்டத்தின்படி, ஒரு மாநிலம் ரசாயன உரப் பயன்பாட்டைக் குறைத்து மிச்சப்படுத்தும் மானியத்தில் பாதி அம்மாநிலத்துக்கு மானியமாகத் திரும்புகிறது. அந்தத் தொகையில் ஒரு பங்கை மாறும் கால உதவிக்கென்று மாநிலம் சட்டப்படி ஒதுக்கி, சாகுபடி அடங்கலில் பெயருள்ளவரின் கணக்கில் நேரடியாகச் செலுத்த வேண்டும். உரம் வாங்காத உழவருக்குக் கடன் சங்கத்தின் உரக் கூறு ரொக்கமாக வர வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை, கூட்டுறவுத் துறையின் ஆணை ஒன்று போதும். தக்கைப்பூண்டு விதையை மானியத்தில் தரும் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம் திட்டம் 2024-இலேயே தொடங்கிவிட்டது; விதையோடு, நிலம் பயிரின்றி இருக்கும் ஐம்பது நாளுக்கான தொகையையும் அதில் சேர்த்துக் கேட்பதுதான் அடுத்த வேளாண் நிதிநிலை அறிக்கைக்கு முன் இயக்கங்கள் ஒன்றுபட்டு வைக்க வேண்டிய முதல் கோரிக்கை.