கானாவின் தேர்தல்களும் நடுநிலை அவதானிகளும்

வாக்களித்தல் குடிமகனின் உரிமை; அளித்த வாக்கு அளித்தவாறே எண்ணப்படுதல் அவ்வுரிமையின் உயிர். முன்னையதைச் சட்டம் ஒரே நாளில் வழங்கிவிடலாம். பின்னையதை ஒரு சமுதாயம் பல்லாண்டு முயன்றே ஈட்டவேண்டியிருக்கிறது. மேற்காபிரிக்க நாடாகிய கானாவின் தேர்தல் வரலாறு இவ்வுண்மையைத் தெளிவுற உணர்த்துகின்றது.

பொற்கரை என முன்னர் வழங்கிய அந்நாடு 1957ஆம் ஆண்டு மார்ச்சு 6ஆந் திகதி சுதந்திரம் பெற்றது. அதற்கு முந்திய ஆண்டு மே மாதத்தில், அதன் கிழக்கெல்லையில் பிரித்தானியரின் பொறுப்பிலிருந்த தோகோலாந்து மக்கள், பொற்கரையோடு இணைவதா பிரிந்து நிற்பதா என்று வாக்களித்தனர். ஐக்கிய நாடுகள் சபை அனுப்பிய அவதானிகள் அவ்வாக்கெடுப்பை நேரிற் கண்காணித்தனர். இணைவதற்கு 93,095 வாக்குகளும் பிரிந்து நிற்பதற்கு 67,492 வாக்குகளும் கிடைத்தன. தோற்ற பக்கத்தாரின் தொகையும் உலகறியப் பதிவாயிற்று.

எட்டு ஆண்டுகளின் பின் நிகழ்ந்தது வேறு. நாட்டை ஒரு கட்சி ஆட்சிக்கு உட்படுத்தும் பொருட்டுக் குவாமே நிக்குருமா 1964இல் நடத்திய வாக்கெடுப்பில், ஆதரவாக 2,773,920 வாக்குகளும் எதிராக வெறும் 2,452 வாக்குகளும் விழுந்தனவென அறிவிக்கப்பட்டது. முன்னையது ஒரு பகுதியின் வாக்கு. பின்னையது முழுநாட்டின் வாக்கு. எனினும் நாடு முழுவதிலும் எதிர்க்கருத்து இவ்வளவே இருந்ததென நம்புதல் அரிது.

எண்ணுமிடத்தின் மீதே அதிகாரம் கண்வைக்கும் என்பதற்கு 1978ஆம் ஆண்டு நிகழ்ச்சியும் சான்றாகும். படைத்தலைவர் அச்சம்போங், கட்சிகளற்ற அரசாங்கமொன்றை அமைப்பதற்கு மக்களின் இசைவு வேண்டி வாக்கெடுப்பு நடத்தினார். அப்போது தேர்தல் ஆணையாளராயிருந்த நீதிபதி ஐசாக் அபான் அதிகாரத்தின் விருப்பத்துக்கு இணங்காமையால் தலைமறைவாக நேர்ந்தது. நேர்மையான அலுவலர் ஒருவர் இருந்தால் மட்டும் போதாது. அவர் பின்னே மக்கள் துணை நிற்றல் வேண்டும் என்பதே அந்நிகழ்ச்சி தரும் பாடம்.

1992இல் பலகட்சி ஆட்சி மீண்டது. நவம்பர் மாதம் நடந்த சனாதிபதித் தேர்தலில் ஜெரி றோலிங்ஸ் வென்றார். பொதுநலவாய அமைப்பின் அவதானிகள் அத்தேர்தலை ஏற்புடையதென்றே மதிப்பிட்டனர். எதிர்க்கட்சியினரோ மோசடி நிகழ்ந்ததென்று கூறி, டிசெம்பரில் நடந்த பாராளுமன்றத் தேர்தலைப் பகிஷ்கரித்தனர். சில நாள் வந்து சென்ற அயல்நாட்டார் அளித்த சான்று, தோற்றோர் உள்ளத்து ஐயத்தை அகற்றவில்லை.

எனவே சீர்திருத்தம் உள்ளிருந்தே தொடங்கலாயிற்று. 1994இல் கட்சிகளும் தேர்தல் ஆணைக்குழுவும் ஒருங்கு கூடிப் பேசுவதற்கு ஆலோசனைக்குழு ஒன்று அமைந்தது. 1996ஆம் ஆண்டுத் தேர்தலில் உள்ளிருப்பது வெளியே தெரியும் வாக்குப்பெட்டிகள் வைக்கப்பட்டன. கட்சி முகவர்கள் முன்னிலையில், வாக்களித்த இடத்திலேயே வாக்குகள் எண்ணப்பட்டன. அதே தேர்தலில் உள்நாட்டு அவதானிகள் ஆயிரக்கணக்கில் வாக்களிப்பு நிலையங்களுக்குச் சென்றனர். 2000ஆம் ஆண்டில் உள்நாட்டுத் தேர்தல் அவதானிகள் கூட்டமைப்பு உருவாயிற்று.

இக்கூட்டமைப்பு 2008இல் மேற்கொண்ட முறை குறிப்பிடத்தக்கது. நாடெங்குமுள்ள வாக்களிப்பு நிலையங்களிலிருந்து, புள்ளிவிவர முறைப்படி ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்டவை தெரிந்தெடுக்கப்பட்டன. அவை ஒவ்வொன்றிலும் ஓர் அவதானி, வாக்களிப்புத் தொடக்கம் எண்ணி முடியும்வரை இருந்து, அங்கு அறிவிக்கப்பட்ட தொகையைக் கைத்தொலைபேசிக் குறுஞ்செய்தி வழியே தலைமையிடத்துக்கு அனுப்பினார். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது போல, முறைப்படி எடுத்த சிறுபகுதி முழுமையின் நிலையைக் காட்டும். போட்டி மிக நெருக்கமாயின், வென்றவர் இவர்தாம் என்று அம்மாதிரி தனித்துத் தீர்ப்பளிக்க இயலாது. ஆயினும் அறிவிக்கப்படும் முடிவு நம்பத்தக்க எல்லைக்குள் அமைகின்றதா என்பதை அது சொல்லவல்லது.

அவ்வாண்டு அத்தகைய சான்று இன்றியமையாததாயிற்று. முதற்சுற்றில் எவரும் அரைப்பங்குக்கு மேல் வாக்குப் பெறவில்லை. டிசெம்பர் 28ஆந் திகதி இரண்டாஞ்சுற்று நடந்தது. தாயின் என்னும் ஒரு தொகுதியில் மட்டும் வாக்களிப்புத் தடைப்பட்டு, 2009 ஜனவரி 2ஆந் திகதி நிகழ்ந்தது. அதுவரை நாடு முழுதும் மூச்சடக்கிக் காத்திருந்தது. ஓராண்டின் முன் கென்யாவில் தேர்தல் முடிவு பற்றிய பிணக்கினால் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டதை எவரும் மறந்திலர். இறுதியில் ஜோன் அற்றா மில்ஸ் 4,521,032 வாக்குகளும், ஆளுங்கட்சி அபேட்சகர் நானா அக்குபோ-அட்டோ 4,480,446 வாக்குகளும் பெற்றனர். வேறுபாடு 40,586 மட்டுமே. அவதானிகளின் கணக்கும் அறிவிக்கப்பட்ட முடிவும் முரண்படவில்லை. ஆளுங்கட்சி தோல்வியை ஏற்று ஆட்சியை ஒப்படைத்தது.

2012ஆம் ஆண்டு முடிவு உயர்நீதிமன்றத்தில் வழக்காயிற்று. ஒவ்வொரு நிலையத்திலும் ஒப்பமிடப்பட்ட இளஞ்சிவப்புத் தாள்களே அங்குச் சான்றுகளாக ஆராயப்பட்டன. 2013 ஓகஸ்டில் நீதிபதிகள் பெரும்பான்மையாக மனுவைத் தள்ளினர். மனுதாரர் தீர்ப்புக்குத் தலைவணங்கினார்.

ஆயின் உள்ளூராட்சித் தேர்தல்களில் இத்துணை விழிப்பைக் காண்டல் அரிது. அரசியலமைப்பின்படி மாவட்ட மன்றத் தேர்தல்களிற் கட்சிகள் போட்டியிடலாகாது. எனவே பெட்டியருகே கட்சி முகவரும் இரார். மன்ற உறுப்பினருள் நூற்றுக்கு முப்பதின்மரையும் மாவட்டத் தலைமை நிருவாகியையும் சனாதிபதியே நியமிக்கின்றார். 2015இலும் 2019இலும் பதிவுபெற்ற வாக்காளருள் ஏறக்குறைய மூவரில் ஒருவரே வாக்களித்தனர். உள்நாட்டு அவதானிகள் இத்தேர்தல்களுக்குஞ் சென்றனர். எனினும் சனாதிபதித் தேர்தலுக்குத் திரளும் உலகின் கவனம் இங்குத் திரும்புவதில்லை. கிணறும் பாதையும் சந்தையும் பற்றிய முடிவுகள் எடுக்கப்படுவதோ இம்மன்றங்களிலேயே.

கானா அடைந்த பேறு, தோல்வியை ஐயமின்றி ஏற்கத்தக்க சான்றைத் தன் மக்களைக் கொண்டே உண்டாக்கியமையாகும். வென்றவர்க்குத் தேர்தலின் நேர்மையில் ஐயம் எழுவதில்லை. தோற்றவர் வீடு திரும்பி அமைதியாக உறங்குவதற்கே அவதானி தேவைப்படுகின்றார். அவ்வமைதி மாவட்ட மன்றத்தின் சிறு வாக்குப்பெட்டிக்கும் உரியதாகும் நாளில், அந்நாட்டுக் குடியாட்சி நிறைவுறும்.